காதல் கதை எழுதுங்கள், கையெழுத்தை மட்டும் பார்த்துப் போடுங்கள்

முதல் புத்தகத்துக்காக என் கையிலிருந்து போனது 24,000 ரூபாய். காசு போனதுகூடப் பரவாயில்லை. அந்தக் கதையை யூடியூபில் யாரோ ஒருவர் இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறார், கீழே "சூப்பர் ஸ்டோரி, ரைட்டர் யாரு?" என்று கேட்கிறார்கள், எனக்கு அதில் ஒரு பைசா வராது, நிறுத்தச் சொல்லவும் இப்போதைக்கு வழியில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். போன வாரம் புதிதாக எழுத வந்திருக்கும் ஒரு பெண், "அக்கா, ஒரு பதிப்பகத்திலிருந்து மெசேஜ் வந்திருக்கு, காசு கட்டினா புத்தகம் போட்டுத் தர்ற பேக்கேஜ் சொல்றாங்க, ஓகே சொல்லிடவா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, எல்லாருக்குமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல். எங்கள் தெருவில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அம்மா அங்கிருந்து எடுத்து வரும் ரமணிசந்திரன் நாவல்களைத்தான் நான் கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் வைத்துப் படித்தேன். அந்தப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் யார் யாரோ பென்சிலில் எழுதி வைத்திருப்பார்கள்: "சுமார்", "ஒரே அழுகை", "பயப்படாமல் படிக்கவும், கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள்". ஒரு நாவலில் நாயகன் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, "இவன் திருந்த 200 பக்கம் ஆகும்" என்று எழுதியிருந்தது. இன்றைக்கு கமெண்ட் என்கிறோமே, அது அப்போதே இருந்தது. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு படிப்பது முழுக்க மொபைலுக்கு வந்துவிட்டது. எழுத்தாளர்கள் தாங்களே நடத்தும் தளங்கள், பிரதிலிபி, வாட்பேட் என்று எங்கே பார்த்தாலும் தொடர்கதை. நான் வெகுநாள் சைலண்ட் ரீடர். ஒரு லைக் கூடப் போட மாட்டேன். ஒரு தளத்தில் புது எழுத்தாளர்களுக்குப் போட்டி அறிவித்தார்கள், புனைபெயரில் எழுதலாம் என்றார்கள். அந்தப் புனைபெயர் என்ற ஒரு வசதி இல்லையென்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஏனென்றால் காதல் கதை எழுதுகிற பெண்ணை நம் ஊரில் பார்க்கிற பார்வை அப்படி. எனக்குத் தெரிந்து எழுதும் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் சொல்லாமல்தான் எழுதுகிறார்கள். என் கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. பிறகு நாத்தனாருக்குத் தெரியவந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி, இதெல்லாம் சொந்த அனுபவமா?" துப்பறியும் கதை எழுதுகிறவரிடம் எத்தனை கொலை செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நமக்கு மட்டும் இந்தக் கேள்வி.

ஆரம்பிக்க என்ன வேண்டும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். லேப்டாப் எல்லாம் வேண்டாம். நான் முதல் கதையை முழுக்க மொபைலில், ஜிபோர்ட் என்ற கூகுள் கீபோர்டில், பாதியை வாயால் சொல்லியே எழுதினேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பால்கனியில் உட்கார்ந்து, "அவன் அவள் கையைப் பற்றினான் முற்றுப்புள்ளி" என்று மெல்லிய குரலில் போனிடம் சொல்லிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ, அது வேறு விஷயம். கணினியில் எழுதுகிறவர்கள் தமிழ் தட்டச்சுக்கு அழகியோ என்எச்எம் ரைட்டரோ போட்டுக்கொள்ளலாம். எதில் எழுதினாலும் யூனிகோடில், அதாவது எல்லா போனிலும் கணினியிலும் படிக்க முடிகிற எழுத்து முறையில், எழுதுங்கள், அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதியதும் உங்கள் மெயிலுக்கே அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தாலும் கதை இருக்கும். அதோடு, எந்தத் தேதியில் நீங்கள் எழுதினீர்கள் என்பதற்கு அது ஒரு தடயம். இதன் அருமை நாளைக்கு யாராவது உங்கள் கதையைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் தெரியும்.

தொடராக எழுதுவது தனி உலகம். வாரம் மூன்று யூடி (அப்டேட், அதாவது புது அத்தியாயம்), ஒவ்வொன்றும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு வார்த்தை, கடைசி வரியில் ஒரு திருப்பம் வைத்துத் "தொடரும்" போட வேண்டும். ஒரு நாள் தவறினால் "யூடி எப்போ சிஸ்?" என்று வரிசையாகக் கேட்பார்கள். முதலில் அது போதையாக இருந்தது. இட்லி மாவு அரைத்துக்கொண்டே கமெண்ட் படிப்பேன். அப்புறம் அதுவே கழுத்தைப் பிடித்தது. பையனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போதும் யூடி அடித்தேன், அந்த அத்தியாயத்தில் நாயகியின் அம்மா பெயர் மாறிப்போனதை வாசகிகள்தான் கண்டுபிடித்தார்கள். கதை முடிந்த பிறகு மொத்தமாகப் படித்துப் பார்த்தால் ஒவ்வொரு ஐந்து பக்கத்துக்கும் ஒரு சண்டை, ஒரு சந்தேகம், ஒரு போன் கால். நாவலாகப் படிக்கும்போது மூச்சு முட்டியது. யூடிக்கு எழுதும் நடை வேறு, புத்தகத்துக்கு எழுதும் நடை வேறு. இப்போது நான் பாதிக் கதையாவது எழுதிக் கையில் வைத்துக்கொள்ளாமல் முதல் யூடி போடுவதில்லை. முடிவு எனக்குத் தெரிந்திருந்தால் கமெண்ட் என்னை இழுத்துக்கொண்டு போகாது.

கமெண்ட் எப்படி இழுக்கும் தெரியுமா? என் நாயகன் சாதுவானவன். "ஹீரோ ரொம்ப சாஃப்டா இருக்கான் சிஸ், கொஞ்சம் கெத்து வேணும்" என்று ஆரம்பித்தார்கள். ஆன்டி ஹீரோ கதைகளுக்குத்தான் வியூஸ் என்று கூட எழுதும் ஒரு தோழியும் சொன்னாள். கட்டாயத் தாலி, கன்னத்தில் ஓர் அறை, பிறகு மனம் மாறி மன்னிப்பு, இந்தச் சூத்திரத்துக்கு வாசகர் கூட்டம் நிச்சயம் உண்டு, மறுக்கவில்லை. எழுதிப் பார்த்தேன். அவன் அவளை அறையும் இடத்தை எழுதிவிட்டு, மறுநாள் அவளை எப்படி அவனோடு சிரிக்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அத்தியாயத்தைப் போடவே இல்லை. வியூஸ் குறைந்தது, குறையட்டும். என் வீட்டில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள், நாளைக்கு அவள் படிப்பாள்.

அதற்குப் பதில் வேறொன்று தானாக நடந்தது. எல்லாக் கதையிலும் நாயகன் தொழிலதிபர், என்ன தொழில் என்று மட்டும் கடைசிவரை தெரியாது, ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பான். என் நாயகனுக்கு நான் பூட்டுப் பட்டறை கொடுத்தேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததில் எனக்கு அந்த யோசனை வந்தது. நாகல்நகர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். சாவியை வைஸில் இறுக்கி அரத்தால் ராவுவார், பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்ப்பார், எங்கே தட்டுகிறதோ அங்கே பித்தளையில் ஒரு சின்னக் கோடு விழும், அந்தக் கோட்டில் மறுபடி ஒரு ராவு. பொறுமையான வேலை. கதையில் நாயகி தாத்தாவின் பழைய மாங்காய் பூட்டுக்குச் சாவி செய்ய வருகிறாள், அவன் ராவுகிறான், அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், ஒருவரை ஒருவர் தொடுவதுகூட இல்லை. அந்த அத்தியாயத்துக்கு வந்த கமெண்ட் போல வேறு எதற்கும் வரவில்லை. "அவன் கை எல்லாம் கறுப்பா இருக்குமே, அவ புடவை என்ன ஆகும்?" என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். வாசகியைப் பக்கத்தில் கூட்டி வருவது இந்த மாதிரி வேலைதான், கெத்து இல்லை. உங்கள் ஊரில் நீங்கள் பார்த்து வளர்ந்த தொழில் ஒன்று நிச்சயம் இருக்கும், நெசவோ கயிறோ கருப்பட்டியோ, அதை எழுதுங்கள்.

கதை முடிந்த கையோடு மெசஞ்சரில் ஒரு பதிப்பகத்திலிருந்து வந்தது அந்தச் செய்தி. "மேடம், உங்கள் கதையை எங்கள் குழு விரும்பிப் படித்தது, புத்தகமாகக் கொண்டுவர விரும்புகிறோம்." அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. புத்தகம் என்றால் சும்மாவா! மறுநாள் போனில் பேசினார்கள், மிக மரியாதையாக. பிழைதிருத்தம், அட்டை வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண், 100 பிரதி, சென்னைப் புத்தகக் காட்சியில் இடம், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கு விண்ணப்பம், எல்லாம் சேர்த்து 24,000. கணவர், "எழுதினது நீ, காசும் நீயே தரணுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். புதியவர்களுக்கு இப்படித்தான் என்று அவர்கள் சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். பையன் பிறந்தபோது அம்மா போட்ட சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். அரைப் பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் வந்தது. அதில் ஒரு வரி: "இப்படைப்பின் அச்சு, மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு, திரை உள்ளிட்ட அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சாரும்." எத்தனை வருஷத்துக்கு என்று இல்லை, எனக்கு எத்தனை சதவீதம் என்று இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பார்சல் வந்தபோது அதில் 40 பிரதிகள்தான் இருந்தன, மீதி "விற்பனைக்கு எங்களிடம் இருக்கும்" என்றார்கள். அட்டையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி கடற்கரையில் நிற்கிறது. என் கதையில் கடலே கிடையாது. உள்ளே திறந்தால் அதைவிட மோசம். யூனிகோடிலிருந்து அவர்களுடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது பல இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்திருக்கின்றன, யாரும் படித்துப் பார்க்கவில்லை. யூனிகோடில் எழுதச் சொன்னேனே, உங்களிடம் சுத்தமான பிரதி ஒன்று இருந்தால்தான் இந்த மாதிரி கூத்துக்குப் பிறகு அதை எடுத்து வேறு இடத்தில் போட முடியும். அப்புறம், அச்சுக்குப் போகும் முன் கடைசி பிடிஎஃபை உங்களுக்கு அனுப்பி, நீங்கள் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்று கேளுங்கள். நல்ல பதிப்பகங்கள் கேட்காமலே அதைச் செய்கின்றன.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனேன். திண்டுக்கல்லிலிருந்து ராத்திரி பஸ், காலையில் சொந்தக்காரர் வீட்டில் குளித்துவிட்டு நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். என் பதிப்பகத்தின் ஸ்டாலில் என் புத்தகத்தைத் தேடினேன், இல்லை. நின்றுகொண்டிருந்த பையனிடம் தலைப்பைச் சொன்னேன். அவன் மேசைக்கு அடியில் குனிந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து, டேப்பைக் கிழித்து, "இதா அக்கா? எத்தனை வேணும்?" என்றான். பெட்டியே அதுவரை பிரிக்கப்படவில்லை. நான் எழுதினவள் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை, ஒரு பிரதிக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆமாம், என் புத்தகத்தையே நான் காசு கொடுத்து வாங்கினேன். அங்கேயே வேறொரு ஸ்டாலில், என் கூட எழுதும் ஒரு பெண்ணின் நாவல் முன்வரிசையில் இருந்தது, அவள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, அந்தப் பதிப்பகம் அவளுக்கு ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, தருகிறது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஐஎஸ்பிஎன்னுக்கு என்று பில்லில் 2,000 போட்டிருந்தார்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம், மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது, எழுத்தாளரே ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கலாம். அதே பக்க அளவுக்கு ஓர் அச்சகத்தில் 100 பிரதிக்கு விலை கேட்டேன், நான் கட்டியதில் பாதிக்கும் கீழே சொன்னார்கள். நூலக ஆணை என்பது அரசு பார்த்துத் தேர்ந்தெடுப்பது, அதை வாங்கித் தருகிறேன் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மின்னூலை நானே அமேசானின் கிண்டிலில் ஏற்றப் போனால், இது ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருக்கிறது, உரிமைக்கு ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அது என் பதிப்பகத்தின் கணக்கு. அப்புறம் ஒரு நாள் ஒரு வாசகி, "அக்கா உங்க கதை ஆடியோவா வந்திருக்கே, வாழ்த்துகள்" என்று லிங்க் அனுப்பினாள். ஆடியோ சேனலுக்கு மொத்தமாகக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "ஒப்பந்தத்தைப் பாருங்க மேடம்" என்று மட்டும் பதில். அன்றைக்கு மரியாதையும் போய்விட்டிருந்தது.

வீட்டில் வைத்து அழுதுகொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் சித்தப்பாவிடம் போனேன். கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது அலுவலக அதிகாரியாக, இருந்து ரிட்டயர் ஆனவர். நான் என்ன மாதிரிக் கதை எழுதுகிறேன் என்று அவர் கேட்கவில்லை, அதற்கே அவருக்குக் கோவில் கட்டலாம். "ஏம்மா, இதுல வருஷமே போடலையே" என்றார். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது நம்மிடமே திரும்பிவிடும். அதாவது மொழிபெயர்ப்பும் திரையும் எனக்கே திரும்பிவிட்டன, அச்சும் மின்னூலும் ஒலியும் ஐந்து வருஷத்துக்கு அவர்களிடம். ஒரு வக்கீலைப் பார்த்து இதையே பதிவுத் தபாலில் எழுதி அனுப்பினோம். பதில் வரவில்லை, ஆனால் "அனைத்து உரிமைகளும் எங்களிடம்" என்று அவர்கள் பக்கத்தில் போட்டிருந்த வரி காணாமல் போனது. அடுத்த வருஷம் காலம் முடிகிறது, முடிந்த மறுநாள் அந்த ஆடியோவுக்கு யூடியூபில் புகார் போட எல்லாத் தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னொன்றும் சித்தப்பா சொன்னார்: ஒப்பந்தத்தில் புனைபெயர் மட்டும் போடாமல், இன்ன பெயரில் எழுதும் இன்னார் என்று உண்மைப் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் புனைபெயர் நான்தான் என்று நிரூபிக்கவே அலைய வேண்டும். கதையை எழுதியவுடனே பதிப்புரிமை நமக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் இரண்டாவது கதைக்கு 500 ரூபாய் கட்டிப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டேன், மனநிம்மதிக்கு.

அந்த இரண்டாவது கதையை நானே கிண்டிலில் போட்டேன். 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் வந்த பிறகு நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்த பெரிய கதவு அதுதான். கிண்டிலில் நாமே புத்தகம் ஏற்றுகிற கேடிபி தளத்தில் கணக்குத் தொடங்க யாருக்கும் காசு தர வேண்டாம், பான் கார்டும் வங்கிக் கணக்கும் போதும். "நாங்கள் ஏற்றித் தருகிறோம்" என்று காசு கேட்கிறவர்கள் செய்வதை நீங்களே செய்துவிடலாம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றால் கேடிபி செலக்டில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம். செலக்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவில் வேறு எங்கேயும் அந்தக் கதை இருக்கக் கூடாது, தளத்தில் போட்ட யூடிகளையும் எடுத்துவிட வேண்டும். 90 நாள் முடிந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நீங்கள்தான் டிக்கை எடுக்க வேண்டும். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் வாசகர்கள் படிக்கும் பக்கக் கணக்கில் நமக்குக் காசு. ஒரு மாதத்து வருமானம் கைக்கு வரச் சுமார் இரண்டு மாதம் ஆகும். எனக்கு முதலில் வந்தது 1,140 ரூபாய். சங்கிலியை மீட்க அது காணாது, ஆனால் அந்த எஸ்எம்எஸ்ஸை நான் இன்னும் அழிக்கவில்லை. பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் விடுகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் விட்டுவிட்டார்கள். புகார் கொடுத்தேன், எடுத்தார்கள், மறுபடி வேறு குரூப்பில் வந்தது. அதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை.

பேக்கேஜுக்கு ஓகே சொல்லவா என்று கேட்ட அந்தத் தங்கச்சிக்குக் கடைசியில் நான் எழுதியது இதுதான். அவர்களிடம் நான்கு விஷயம் எழுத்தில் கேள்: எந்தெந்த உரிமை, எத்தனை வருஷம், எத்தனை சதவீதம், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. அச்சுக்கு வழக்கமாக விலையில் 10 சதவீதம் தருவார்கள். ஒலி உரிமையைத் தனியாக வைத்துக்கொள், இப்போது தமிழில் குடும்ப நாவல்களைக் கேட்கிறவர்கள் அத்தனை பேர். காசு கேட்டால், என் 24,000 கதையைச் சொல்லிப் போனை வை. அவள் அதே கேள்விகளை அவர்களுக்கு அனுப்பினாளாம், "மேடம் நீங்க லாயரா?" என்று கேட்டுவிட்டுப் பிளாக் செய்துவிட்டார்கள்.

என்னிடம் இப்போது வேறொரு பதிப்பகம் இரண்டாவது நாவலுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அச்சு மட்டும், மூன்று வருஷம், 10 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கு. நடுவில் "ஒலி" என்ற சொல் எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, அதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் தாங்களும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிழைதிருத்தப் பிரதி நேற்று வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் நாயகியின் அம்மா பெயர் மறுபடி மாறியிருக்கிறது, இந்தத் தடவை அது அவர்கள் தப்பில்லை, நான்தான். திங்கட்கிழமைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும்.